புனித வேலண்டைன் காதலர்களுக்கு ரகசியத் திருமணம் செய்து வைத்ததால்தான் காதலர் தினம் வந்ததா?

இல்லை. ரோமப் பேரரசர் இரண்டாம் கிளாடியஸ் படைவீரர்கள் கல்யாணம் செய்துகொள்ளத் தடை போட்டார், வேலண்டைன் அதை மீறி மணம் முடித்து வைத்து உயிரை விட்டார் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் சுற்றுகிறதே, அப்படி ஒரு தடை இருந்ததற்கே ஆதாரம் கிடையாது. அந்தப் பெயரில் மறைசாட்சிகள், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிரை விட்டவர்கள், ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு என்பதால் 1969இல் கத்தோலிக்கத் திருச்சபையே இந்த விழாவைத் தன் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது.

அப்புறம் காதல் எங்கிருந்து வந்தது என்றால், கவிதையிலிருந்து. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர், வேலண்டைன் நாளில் பறவைகள் கூடி இணை தேடுவதாகப் பாடினார். இந்த நாளைக் காதலோடு சேர்த்துப் பேசும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அடுத்த நூறு ஆண்டுகளில் அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது 1477இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் நடந்த ஒரு கல்யாணப் பேச்சு. மார்ஜரி புரூஸுக்கும் ஜான் பாஸ்டனுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டது, ஆனால் பெண்ணின் அப்பா சீதனத்தைக் கூட்டித் தர மறுக்கிறார். பெண்ணின் அம்மா மாப்பிள்ளைக்கு எழுதுகிறார்: வெள்ளிக்கிழமை வேலண்டைன் நாள், ஒவ்வொரு பறவையும் தன் இணையைத் தேர்ந்துகொள்ளும் நாள், வியாழன் இரவே வந்து என் கணவரிடம் பேசிப் பாருங்கள் என்று! மார்ஜரியும் ஜானை 'என் அன்பு வேலண்டைன்' என்று அழைத்து, என்மேல் அன்பு இருந்தால் இதற்காக என்னை விட்டுவிட மாட்டீர்கள் என்று எழுத வைக்கிறாள். ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் முதல் காதலர் தினக் கடிதம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கல்யாணமும் நடந்தது.

வாழ்த்து அட்டைகள் பெருகியது 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குத் தபால் அனுப்பலாம் என்று ஆன பிறகு. பெயர் போடாமல் அனுப்பும் வழக்கத்துக்கும் அது வசதியாகப் போயிற்று.

எல்லா ஊரிலும் வழக்கம் ஒன்றல்ல. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் சாக்லேட் கொடுப்பார்கள், ஆண்கள் மார்ச் 14 அன்று பதிலுக்குக் கொடுக்க வேண்டும். பிரேசிலில் காதலர் தினமே ஜூன் 12, அதாவது புனித அந்தோணியார் திருநாளுக்கு முந்தைய நாள். கல்யாணம் கூடிவர அங்கே மக்கள் வேண்டிக்கொள்வது அவரிடம்தான்.