கிளாரினெட்காரர் பதில்கள்: ஹார்லெம் பட்டாளத்து பேண்டு

போன மாதம் ஒரு பதிலில், 'ஜாஸ் இசை பிரான்சுக்குப் போனதே பட்டாளத்துச் சட்டை போட்டுக்கொண்டுதான்' என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பட்டாளத்து பேண்டு என்றால் கொடியேற்றும்போது வாசிப்பதுதானே? அது எப்படி ஒரு நாட்டின் சங்கீதத்தை மாற்றும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

முப்பத்தோரு வருஷம் போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவன் நான். கொடியேற்றத்துக்கும் வாசித்திருக்கிறேன். அதனால் கேள்வி கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. சரி, போகட்டும்.

நான் சொன்னது, முதல் உலகப் போருக்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து போன கறுப்பினப் படையைப் பற்றி. 1916இல் 15ஆவது நியூயார்க் படை என்று தொடங்கினார்கள். பிரான்சில் இறங்கிய பிறகு 369ஆவது ரெஜிமென்ட் ஆயிற்று. அதன் கர்னல் வில்லியம் ஹேவார்டுக்கு ஒரு கணக்கு இருந்தது: பேண்டு நன்றாக இருந்தால் பையன்கள் தாமாகவே வந்து சேருவார்கள். அதற்காக அவர் பிடித்த ஆள் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். (அது அவருடைய குடும்பப் பெயர்தான். ஐரோப்பா போய்வந்து வைத்துக்கொண்டதல்ல.) 1912இலேயே நூற்றுக்கும் அதிகமான கறுப்பினக் கலைஞர்களை கார்னகி ஹால் மேடையில் ஏற்றியவர். பணக்கார வீட்டு நடன விருந்துகளில் அவர் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கிராக்கி. அப்படிப்பட்டவர் ஒப்புக்கு ஒரு பேண்டு நடத்த வருவாரா? நல்ல ஆட்களைச் சேர்க்கக் காசு வேண்டும் என்றார். தகரத் தொழிலில் பெரும் பணம் பார்த்த ஒரு கோடீஸ்வரர் 10,000 டாலர் கொடுத்தார்.

இந்தப் படைக்குச் சொந்த நாட்டில் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 'வானவில்' என்று பெயர் வைத்த இன்னொரு படைப்பிரிவின் வழியனுப்பு அணிவகுப்பில் தாங்களும் நடக்கிறோம் என்று கேட்டதற்கு, வானவில்லில் கறுப்பு நிறம் கிடையாது என்று பதில் வந்ததாம். தெற்கு கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் பயிற்சி. அங்கே நோபிள் சிஸ்ஸில் என்ற பேண்டுக்காரர் செய்தித்தாள் வாங்க ஒரு ஹோட்டலுக்குள் போனார். தொப்பியைக் கழற்றவில்லை என்று முதலாளி அதைத் தட்டிவிட்டு உதைத்தார். வெளியே நின்ற சிப்பாய்கள் ஹோட்டலையே பிய்த்துப்போடக் கிளம்பினார்கள். உள்ளே நடந்து வந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னவர் யூரோப். கொஞ்ச நாளில் படையைக் கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே போனதும் அமெரிக்கத் தலைமை இவர்களைப் பிரெஞ்சு ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டது. தலைக்கவசம், துப்பாக்கி எல்லாம் பிரெஞ்சுக்காரர்களுடையது. போர்முனையில் 191 நாள் இருந்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1918 புத்தாண்டு நாள், பிரெஸ்ட் துறைமுகம். கரையில் கால் வைத்ததும் பேண்டு பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசித்தது. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. எட்டுப் பத்து தாளக்கட்டு போன பிறகுதான் 'அட, இது நம்ம பாட்டு' என்று உறைத்து, சிப்பாய்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். சிஸ்ஸில் சொன்ன கதை இது. நாங்கள் தேசிய கீதத்தை அப்படி வாசித்திருந்தால் மறுநாள் மெமோ வந்திருக்கும்.

வாசிப்பில் அப்படி என்ன இருந்தது என்பதை யூரோப்பே 1919இல் சொல்லியிருக்கிறார். பித்தளை வாத்தியத்தின் வாயில், ஒலியை மாற்றி அடக்கும் மியூட் என்ற அடைப்பானைச் செருகுவார்கள். முழு மூச்சையும் கொடுத்து ஊதிக்கொண்டே நாக்கைச் சுழற்றுவார்கள். சாதாரணமாக அழுத்தம் இல்லாத ஸ்வரத்தில் அழுத்தம் விழும். எழுதி வைத்ததற்கு மேல் ஆளுக்கு ஆள் சங்கதி போட்டுவிடுவார்கள் என்பதால், அதை அடக்குவதற்காகவே தினமும் ஒத்திகை வைத்தாராம். ஒரு பிரெஞ்சு பேண்டு மாஸ்டர், பாட்டின் ஸ்வரங்கள் எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் திரும்பி வந்து, எழுதியபடியேதான் வாசிக்கிறோம், உங்களைப் போல வரவில்லையே என்றார். யூரோப் போய் வாத்தியத்தைக் கையில் வாங்கி வாசித்துக் காட்டினார். அப்போதும் அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. வாத்தியத்தில்தான் ஏதோ விசேஷம் என்று, இவர்கள் ஒத்திகைக்கே வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

யூரோப் வெறும் பேண்டு மாஸ்டரும் இல்லை. லெப்டினன்ட், மெஷின் கன் கம்பெனி. விஷவாயுவில் மாட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, எதிரிக் குழிக்கு முன்னால் இரவு ரோந்து போவதை வைத்து ஒரு பாட்டு எழுதினார்.

1919 பிப்ரவரி 17. படை ஊர் திரும்பி ஐந்தாவது அவென்யூவில் நடந்தது. அங்கே கட்டுக்கோப்பான பிரெஞ்சு அணிவகுப்பு, பிரெஞ்சு மார்ச் இசை; ஜாஸ் ஒரு துளி கிடையாது. இரண்டு எதிரிகளோ இருபதோ என்று பார்க்காமல் கத்தியால் சண்டை போட்டு 21 காயம் வாங்கிய ஹென்றி ஜான்சன், திறந்த காரில் பூங்கொத்தோடு நின்று வந்தார். (அவருடைய நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கம் 2015இல்தான் கிடைத்தது. அவர் இறந்தது 1929.) ஹார்லெம் வந்ததும் வரிசையை அகலப் பிரித்தார்கள், வீட்டார் அவரவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கட்டும் என்று. யூரோப் கையசைக்க, 'இதோ வர்றார் நம்ம ஆளு' என்கிற மாதிரியான ஒரு குஷிப் பாட்டை பேண்டு எடுத்தது. ஒரே பேண்டு, ஒரே நாள், இரண்டு தெருவுக்கு இரண்டு வாசிப்பு. எந்தத் தெருவில் எதை வாசிப்பது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அங்கேதான் மாற்றம் தொடங்கியது.

அந்த பேண்டில் கிளாரினெட் வாசித்தது யார்? உங்களிடம் இதைத்தானே கேட்க வேண்டும்!
– ஒரு மாணவி, நாகர்கோவில்

நல்ல கேள்வி, அம்மா. நியூயார்க்கில் யூரோப்புக்கு ரீடு வாத்தியத்துக்குத்தான், அதாவது கிளாரினெட் மாதிரி வாயில் சீவாளி வைத்து ஊதும் வாத்தியங்களுக்குத்தான், ஆள் தட்டுப்பாடு. நோட்டைப் பார்த்ததும் வாசிக்கிற ஆள் வேண்டும். போர்ட்டோ ரிக்கோ தீவில் ஊருக்கு ஊர் நகராட்சி பேண்டு உண்டு, சின்ன வயதிலிருந்தே நோட்டு சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, 1917இல் கப்பல் ஏறிப் போய்ப் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி வந்தார். அந்தத் தீவுக்காரர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததே அதே வருஷம் மார்ச்சில்தான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ரஃபேல் எர்னாண்டெஸ். அவர் நம்ம கட்சி இல்லை, டிராம்போன். போர் முடிந்து, 1929இல் நியூயார்க்கில் இருந்தபோது, சந்தைக்கு மூட்டையோடு சந்தோஷமாகப் போய் ஒன்றும் விற்காமல் திரும்பும் ஒரு மலையூர் விவசாயியைப் பாடலாக்கினார். லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பாடும் பாட்டு அது. அவர் பிறந்த அகுவாடியா ஊரின் விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். ஜாஸ் வரலாறு சொல்பவர்கள் இந்தத் தீவுக்காரர்களை அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

யூரோப் பிறகு என்ன ஆனார்? பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே.
– ஒரு வாசகர், பெங்களூரு

கேள்விப்படாததற்குக் காரணம், ஊர் திரும்பி மூன்று மாதம்கூட அவர் இருக்கவில்லை. 1919 மே 9, பாஸ்டனில் கச்சேரி. இடைவேளையில், அவருடைய டிரம்மர்களில் ஒருவரான ஹெர்பர்ட் ரைட், தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று சண்டை பிடித்துப் பேனாக்கத்தியால் கழுத்தில் குத்தினார். சின்னக் காயம் என்று நினைத்து, மிச்சக் கச்சேரியை நடத்தச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், அன்றிரவே இறந்தார். நாற்பதைத் தொடவில்லை.

அந்த ரைட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நம்பக் கஷ்டமாக இருக்கும். சிறை முடிந்து பாஸ்டனிலேயே குடியிருந்தார். அக்கம்பக்கத்து ஒரு பையனுக்கு டிரம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் ராய் ஹெய்ன்ஸ். பிற்காலத்தில் ஜாஸ் சாக்ஸபோன் மேதைகளான சார்லி பார்க்கருக்கும் ஜான் கோல்ட்ரேனுக்கும் வாசித்த மாபெரும் டிரம்மர்.

தொப்பி தட்டிவிடப்பட்ட சிஸ்ஸிலை மறந்துவிடாதீர்கள். அவரும் பியானோக்காரர் யூபி பிளேக்கும் பாட்டுப் போட, கறுப்பினத்தவரே எழுதி நடித்த ஒரு இசை நாடகம் 1921இல் நியூயார்க்கில் மேடையேறியது. கறுப்பின ஜோடி ஒன்று, கேலி இல்லாமல் நிஜமாகவே காதல் பாட்டுப் பாடுகிற காட்சி அதில் உண்டு. வெள்ளைக்காரர்கள் கூடிய அரங்கில் அதுவரை பார்க்காத காரியம். அடிதடி வந்தால் ஓடிவிட சிஸ்ஸில் உள்ளிட்டவர்கள் வாசல் பக்கம் நின்றுகொண்டார்களாம். பிளேக் பாவம், பியானோ முன்னால் உட்கார்ந்திருந்ததால் ஓட முடியாது. கைதட்டல்தான் வந்தது. 504 காட்சிகள் ஓடியது. பின்னாளில் பாரிசையே ஆட்டிவைத்த ஜோசஃபின் பேக்கர் அதில் கூட்டத்தோடு ஆடிய சிறுமி.

எல்லாம் பாட்டுக்காரர்கள்தானா? மற்ற சிப்பாய்கள்?
– ஒரு வாசகி, திருச்சி

ஹொரேஸ் பிப்பின் என்றொருவர், அதே படை. 1918 அக்டோபரில் வலது தோளில் குண்டு. ஊர் திரும்பியபோது கை தோளுக்கு மேல் எழும்பாது. பென்சில்வேனியாவில் வீட்டு அடுப்பில் இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, மரப்பலகையில் கோடு இழுத்துப் பழகினார். அப்புறம் எண்ணெய் வண்ணம். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து நகர்த்தி வரைவார். போர் முடிவைப் பற்றிய முதல் பெரிய ஓவியத்துக்கு மூன்று வருஷம் பிடித்தது. பூசிப் பூசி வண்ணம் மேடு தட்டிப்போனது. சட்டத்தைச் சுற்றிக் கையெறிகுண்டும் துப்பாக்கியும் தலைக்கவசமும் மரத்தில் செதுக்கி ஒட்டியிருப்பார். இப்போது பிலடெல்பியா கலைக்கூடத்தில் இருக்கிறது.

அந்த பேண்டின் ஒலிப்பதிவு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், சேலம்

உண்டு. 1919 மார்ச்சிலும் மே தொடக்கத்திலும் பாத்தே கம்பெனிக்கு வாசித்தவை. மைக் இல்லாத காலம், பெரிய கூம்புக்கு முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்று வாசிப்பது. இரைச்சல் இருக்கும். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். ஆஸ்பத்திரியில் எழுதிய அந்த ரோந்துப் பாட்டும் இருக்கிறது. பாடுவது சிஸ்ஸில். நடுவில் குண்டு விழும், மெஷின் கன் படபடக்கும். அத்தனையும் டிரம்.