மப்பு இறங்காத காலையில் காலடி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் ஏழு வருஷம் சிலம்பம் கற்றவன். காதுகுத்து, கிடாவெட்டு என்று போனால் குடிப்பேன். மாதத்துக்கு ஒரு தடவை இருக்கும். மறுநாள் காலையில் தலைபாரம், குமட்டல், எதிலும் ஒட்டாத மனசு. சிங்கப்பூரில் இருந்து வந்திருக்கும் மச்சான், “அங்கே பெருசுங்க காலையில தாய்ச்சின்னு சீன ஆட்டம் போடுற மாதிரி மெதுவா செய், வேர்வையிலயே எல்லாம் போயிடும்” என்கிறான். கம்பு எடுக்கலாமா, கம்பில்லாமல் கால் வைக்கிற வெறும் காலடி போதுமா, வாத்தியாரே?

பதில்: மச்சான் சொன்னதில் பாதி சரி. மெதுவாகச் செய்யலாம். ஆனால் வேர்வையில் போகாது.

கணக்கைப் பாருங்கள். குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, நம்ம கடைச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடைக்கு மாற்றினால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். அப்படியென்றால் ஒரு குவாட்டருக்கே 6 முதல் எட்டரை மணி நேரம். ஆஃப் போட்டால் அதற்கு இரட்டிப்பு. வேர்வை, மூச்சு, சிறுநீர் மூன்றும் சேர்ந்து வெளியேற்றுவது சொற்பம். நீங்கள் ஓடினாலும் கம்பு சுற்றினாலும் கல்லீரல் அதன் போக்கில்தான் வேலை செய்யும். இதனால்தான் விடிகாலையில் பயிற்சிக்கு பைக்கில் வரும் பையன்களை நான் திட்டுவது. ராத்திரி பத்து மணிக்கு ஆஃப் முடித்தவன் ரத்தத்தில் காலை ஆறு மணிக்குத் தாராளமாக மிச்சம் இருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் சட்டப்படி அது குடித்துவிட்டு ஓட்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. தலைபாரம் உச்சத்துக்குப் போவது ரத்தத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய தீர்ந்துபோகும் நேரத்தில்தான். அப்போது உங்களைப் படுத்துவது அது விட்டுவிட்டுப் போன சேதம்: சிறுநீராய்ப் போன தண்ணீர், புண்பட்ட இரைப்பை, அரைகுறைத் தூக்கம். வேர்க்க வேர்க்க ஆடினால், ஏற்கெனவே வற்றிய உடம்பில் இன்னும் இறைக்கிறீர்கள். டெல்டா புழுக்கத்தில் சும்மா நின்றாலே சட்டை நனைகிறது.

கம்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. எங்கள் களத்தில் நல்ல கைப்பழக்கம் உள்ள பையன் ஒருவன், திருவிழா முடிந்த மறுநாள் “தெளிஞ்சுட்டேன்” என்று சொல்லிக் கம்பை எடுத்தான். வீச்சு அழகாகத்தான் வந்தது. இடப்பக்கம் திரும்பினான், கால் அரை அடி தள்ளி விழுந்தது, சுழன்று வந்த கம்பு அவன் கணுக்காலையே பதம் பார்த்தது. விட்டது கை இல்லை, காது. உள்காதில் திரவமும், அதில் அசையும் ஜெல்லி போன்ற சின்ன மடலும் இருக்கின்றன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது அவைதான். ஆல்கஹால் மடலில் இருந்து சீக்கிரம் வெளியேறும், திரவத்தில் இருந்து தாமதமாக. இரண்டின் கனமும் மாறிப்போன அந்த இடைவெளியில், நீங்கள் திரும்பாதபோதும் திரும்பியதாக மூளைக்குத் தகவல் போகும். ரத்தம் தெளிந்த பிறகும் இது சில மணி நேரம் நீடிக்கும். சீனத்தில் குடிகாரன் போலத் தள்ளாடி ஆடும் வகையே உண்டு. அதை ஆட சொட்டுக் கூடக் குடிக்காத நிதானம் வேண்டும்.

சரி, எப்படிச் செய்வது? எழுந்ததும் செய்யாதீர்கள். முதலில் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ இரண்டு டம்ளர், வாய் வாயாக. குமட்டினால் அரை மணி பொறுங்கள். கொஞ்சம் பழைய சோறோ இட்லியோ உள்ளே போகட்டும். ராத்திரி முழுக்கக் குடித்த உடம்பில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். திண்ணையில் ஐந்து நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த பிறகு எழுங்கள். சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

நிழலில், சுவரோ தூணோ கைக்கு எட்டுகிற இடத்தில், தோள் அகலத்துக்குக் கால் வைத்து நில்லுங்கள். முட்டி லேசாக மடங்கட்டும். எதிரே ஒரு தென்னையின் நடுமரத்தில் கண்ணை நிறுத்துங்கள். நிதானமாக மூச்சு விட்டபடியே எடையை இடது காலுக்குக் கொண்டுபோங்கள். வலது பாதம் காலியான பானை மாதிரி லேசாக வேண்டும். அதற்குப் பிறகுதான் அது தரையை விட்டு எழவேண்டும். முன்னே தரையில் வைக்கும்போது குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு எடை. தாய்ச்சியும் இதைத்தான் சொல்கிறது, உங்கள் பழைய வாத்தியாரும் முதல் மாதம் கம்பைக் கையில் கொடுக்காமல் இதைத்தான் போடவைத்திருப்பார். கைகள் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வரை, விடும்போது கீழே. முன்னே நாலு அடி, பின்னே நாலு அடி; பின்னே போகும்போது மட்டும் விரல் முதலில், பிறகு குதிகால். சுற்று கிடையாது, குனிவு கிடையாது, கண்ணை மூடக் கூடாது. பக்கத்தில் நிற்பவரிடம் மூச்சு வாங்காமல் ஊர்க்கதை பேச முடிகிற அளவுதான் வேகம். பத்துப் பதினைந்து நிமிஷம் போதும்.

இதனால் மனசு கொஞ்சம் தெளியும், கழுத்து இறுக்கம் விடும், மத்தியானத் தூக்கம் நன்றாக வரும். போதையை இது இறக்காது. நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தால் உடனே உட்காருங்கள். ஒரு ராத்திரிக் குடியே இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக் கூடும். நிற்காவிட்டால், மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால், கண் மங்கினால் 108தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கண் மங்கலை வெறும் மப்பு என்று நினைத்துப் படுத்துவிடக் கூடாது.

தலைவலிக்குப் பாராசிட்டமால் அன்றைக்கு வேண்டாம், கல்லீரல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. “ஒரு கட்டிங் போட்டாச் சரியாயிடும்” என்பவரின் பேச்சும் வேண்டாம். அது தலைவலியைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கட்டிங் போட்டால்தான் காலையில் கைநடுக்கம் நிற்கிறது என்ற நிலைக்கு யாராவது வந்திருந்தால், அவருக்கு வேண்டியது காலடி இல்லை, மருத்துவர். திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து, வலிப்பு வரலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். பயிற்சி முடித்து, தலை தெளியட்டும் என்று ஆற்றில் இறங்காதீர்கள். மேட்டூர் திறந்து காவிரியிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் ஓடும் நாளில் படித்துறையிலேயே இழுப்பு இருக்கும். சமநிலை கெட்ட காதோடு முங்கினால் மேல் எது கீழ் எது தெரியாது. கொல்லையில் பம்புசெட்டோ, வாளித் தண்ணியோ போதும்.

கம்பை மறுநாள் எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒற்றைக் காலில், கண் திறந்தபடி, முப்பது எண்ணும்வரை ஆடாமல் நிற்க வருகிறதா பாருங்கள். வரவில்லையா, அன்றைக்கும் காலடிதான்.