அச்சில் வராத மருத்துவக் கட்டுரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தமிழகத்தின் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தை மருத்துவம் கற்பிக்கிறேன். எங்கள் நூலகத்தில் வெளிநாட்டு இதழ்களின் அச்சுப் பிரதிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வந்துகொண்டிருந்தவற்றிலும் பல ஆய்வுகளுக்குச் சுருக்கம் மட்டுமே இருக்கும். முழுக் கட்டுரையை இணையத்தில்தான் படிக்க வேண்டும். சென்ற மாதம் பதவி உயர்வு நேர்காணலில் என் கட்டுரையைப் பார்த்த மூத்தவர், "இது அச்சில் வந்ததா, வெறும் ஆன்லைனா?" என்று கேட்டார். எனக்கும் உள்ளூர அது ஒரு படி கீழ்தான் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள டாக்டர் கே.,

அந்த மூத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு இ-ஜர்னல், அதாவது இணைய இதழ்க் கட்டுரைகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சிலே அறிவித்தது. இதழாசிரியர்கள் சிலர் அதைக் கண்டித்து எழுதினார்கள். 2020இல் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகும், அந்தச் சந்தேகம் நேர்காணல் அறையை விட்டுப் போகவில்லை. அந்த அளவுகோலை வைத்தால், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் குழுமம் 2011இல் இணையத்தில் மட்டுமே தொடங்கிய பிஎம்ஜே ஓப்பன் என்ற இதழ் தேறாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் ஐம்பது பிரதி அடித்துத் தரும் இதழ் தேறிவிடும்.

நீங்கள் கண்ட சுருக்கங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1840இல் தொடங்கிய பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், 1995இல் இணையதளம் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே 'இணையத்தில் நீளம், தாளில் சுருக்கம்' என்ற வழக்கத்துக்கு வந்தது. 2008இல் கட்டுரை இணையத்தில் வெளியாவதே வெளியீடு என்று ஆனது. அடுத்து, ஆய்வுக் கட்டுரைகள் அச்சிதழில் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன. பக்க எண்ணுக்குப் பதிலாக ஆண்டுக்கு ஓர் எழுத்தும் கட்டுரைக்கு ஓர் எண்ணும் கொடுத்தார்கள். ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் முறைசார் மதிப்பாய்வை எழுதும் எவரும், அதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு மேற்கோள் காட்டும் 2009ஆம் ஆண்டின் பிரிஸ்மா அறிக்கைக்கு அந்த இதழில் உள்ள முகவரி 'பி2535'. அதை எந்தக் குழுவும் அரைக் கட்டுரை என்று தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே முழுமையானது இணையத்தில் இருப்பதுதான். கையில் கிடைத்த தாள் அதன் முன்னோட்டம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ரெக்கவரி ஆய்வின் முதற்கட்ட அறிக்கை 2020 ஜூலை 17 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினின் தளத்தில் வந்தது. அச்சிதழில் வந்தது 2021 பிப்ரவரி 25 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களும் வார்டில் இருந்த நீங்கள் எதைப் படித்து மருந்து எழுதினீர்கள் என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது திருத்தம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரையை, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டதை, லான்செட் இதழ் 1998 பிப்ரவரியில் வெளியிட்டது; 2010 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. இன்று தளத்தில் அதைத் திறக்கும் எவரும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சொல்லைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நூலக அடுக்கில் இருக்கும் கட்டுப்போட்ட தொகுதியிலோ அது அன்று அச்சான கோலத்திலேயே, மறுப்பின் நிழல்கூடப் படாமல், மதிப்புக்குரிய கட்டுரையாக நிற்கிறது. தாளின் பெருமையாக நாம் சொல்லும் மாறாத தன்மை இங்கே குறையாகிவிடுகிறது. இணையப் பிரதியை ஓசையில்லாமல் மாற்றிவிட முடியும் என்பதும் உண்மைதான். அதனால்தான் ஒவ்வொரு திருத்தமும் தேதியிட்ட தனி அறிவிப்பாக வர வேண்டும், மூலம் அழிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று நல்ல இதழ்கள் விதி வைத்திருக்கின்றன. உங்கள் கட்டுரை வந்த இதழில் அந்த விதி இருக்கிறதா என்றுதான் குழு கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. சந்தா கட்டி வாங்கிய அச்சுத் தொகுதி, சந்தா நின்றாலும் கல்லூரியின் சொத்து. இணையச் சந்தாவில் வாங்குவது படிக்கும் உரிமை மட்டுமே. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழியப் பழைய இதழ்களும் கைநழுவிப் போகும். இந்திய அரசு 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்த, ஆய்விதழ்களுக்கான 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. உங்களுடையதைப் போன்ற தனியார் கல்லூரி அதில் இல்லை. இதழே காணாமல் போவதும் உண்டு. எல்லாத் துறைகளிலுமாக, 2000 முதல் 2019 வரை யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய 176 திறந்த அணுக்க இதழ்கள் இணையத்திலிருந்து மறைந்துவிட்டதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பல நூலகங்கள் ஒரே இதழின் பிரதிகளைத் தத்தம் கணினிகளில் வைத்துக் காக்கும் லாக்ஸ் என்ற ஏற்பாட்டை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தார் தொடங்கியது இந்த அச்சத்தால்தான்.

அதனால் அச்சை நிறுத்தியதற்காக உங்கள் நூலகரிடம் வருந்த வேண்டாம்; சந்தா முடிந்த பிறகும் பழைய ஆண்டுகள் திறக்குமா என்பதை எழுத்தில் வாங்கியிருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படியே லான்செட்டின் 351ஆம் தொகுதி அடுக்கில் இருந்தால், வேக்ஃபீல்டின் கட்டுரை தொடங்கும் 637ஆம் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்.