20,000 மெயில் முகவரி 12,000 ரூபாய்க்கு: வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. சீசனில் பெங்களூருக்கும் சென்னைக்கும் பெட்டி போட்டுப் பார்சலில் அனுப்புகிறோம். தோப்பு சேதிகளை எழுதி மெயிலில் நியூஸ்லெட்டராகவும் அனுப்புகிறேன், ஆனால் 180 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் 11,000 பேர் இருக்கிறார்கள், ரீல்ஸுக்கு லைக் குவிகிறது, மெயில் பக்கம் மட்டும் யாரும் வருவதில்லை. இந்த நேரத்தில் ஒருவர் போன் செய்து, பெங்களூரு ஐடி ஆட்களின் மெயில் முகவரி 20,000 தருகிறேன், 12,000 ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பேரம் பேசி 2,000 ரூபாய்க்கு இறங்கி வந்தாலும் வேண்டாம். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த 20,000 பேரும் எங்கே, எப்போது, எதற்காகச் சம்மதம் கொடுத்தார்கள்? பேச்சை மாற்றுவார், இல்லாவிட்டால் 'எல்லாம் ஒரிஜினல் டேட்டா மேடம்' என்பார். ஒரிஜினலாகவே இருக்கட்டும், அவர்கள் யாரும் உங்கள் மடலைக் கேட்கவில்லையே. அதே பட்டியல் நேற்று ஒரு பிளாட் புரோக்கருக்குப் போயிருக்கும், நாளைக்கு ஒரு கடன் ஆப்காரருக்குப் போகும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை நடுவில் வைத்து எழுதப்பட்டது, எனவே விற்றவர் காணாமல் போனபிறகு பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்களாக இருப்பீர்கள். மொத்தமாக மெயில் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் மாதிரியான சேவைகளும் விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்றக் கூடாது என்று விதியிலேயே வைத்திருக்கின்றன, கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஜிமெயிலில். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மெயில் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கிவிட்டன. 'ஸ்பாம்' (வேண்டாத மெயில்) என்று அழுத்துகிறவர்களின் அளவு 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, 0.1-க்குள் இருப்பது நல்லது என்பது கூகுளின் கணக்கு. 0.3 சதவீதம் என்றால் ஆயிரம் பேரில் மூன்று பேர். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு மாம்பழ மெயில் போனால் மூன்று பேர்தானா அழுத்துவார்கள்? அப்புறம் உங்கள் மடல், ஆசையாய்ச் சேர்ந்த அந்த 180 பேருக்கும் ஸ்பாம் பெட்டியில்தான் போய் விழும்.

சரி, அந்த 11,000 பேர் ஏன் வரவில்லை? முதல் காரணம், வழியே இல்லை. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பில் லிங்க் போட்டால் அது வெறும் எழுத்துதான், அழுத்தினால் திறக்காது. புரொஃபைலில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டலாம். யூடியூப் ஷார்ட்ஸிலும் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து குறிப்பிலும் கமென்டிலும் போடும் லிங்க் வேலை செய்வதில்லை. ஆகவே ரீல் போட்ட அன்றைக்கே ஸ்டோரியிலும் அதைப் பகிர்ந்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். புரொஃபைலில் ஐந்து வைக்க முடிகிறது என்பதற்காக ஐந்தையும் வைக்காதீர்கள், மெயிலில் சேரும் லிங்க் ஒன்று மட்டும் போதும். 'செந்தூரா என்று கமென்ட் போடுங்கள், லிங்க் அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டுத் தானாகப் பதில் போகும்படி வைக்கிற கருவிகளும் இருக்கின்றன. அது ஓரளவு பலன் தரும், ஆனால் எல்லா ரீலிலும் அதையே செய்தால் பார்க்கிறவருக்கு எரிச்சல்தான் வரும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். வந்து சேர அவர்களுக்கு ஒரு தேவை இல்லை. 'எங்கள் நியூஸ்லெட்டரில் இணையுங்கள்' என்று கேட்டால் யார் இணைவார்கள்? ரீலில் பாதியைக் காட்டுங்கள், மீதி மெயிலில் இருக்கட்டும், ஆனால் காட்டிய பாதியே ஒருவருக்குப் பயன்பட வேண்டும். உதாரணத்துக்கு, காயைக் காம்போடு பறித்து, காம்பைக் கிள்ளி, கவிழ்த்து அடுக்கிப் பால் வடிய விடுவதை அரை நிமிஷம் காட்டுங்கள். பால் தோலில் பட்டால் கருப்புத் தழும்பு விழும், கடையில் பழத்தை வாங்கும்போது அதைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். அதோடு அந்த ரீல் முழுமையாகிவிட்டது. கடைசி ஐந்து விநாடியில், 'செந்தூரா எந்த வாரம் பறிக்கிறோம், மல்கோவா எப்போது, நீலம் எப்போது முடியும், அந்தத் தேதியெல்லாம் மெயிலில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் முன்னாடி போகும்' என்று சொல்லுங்கள். மல்கோவாவுக்குப் பெங்களூரில் ஏங்குகிறவர் முகவரி கொடுப்பார். கல் வைத்துப் பழுக்க வைப்பது பற்றியும் போடலாம். கார்பைடு கல்லுக்குத் தடை இருப்பது பாதிப் பேருக்குத் தெரியும், வீட்டில் வைக்கோலில் எப்படிப் பழுக்க வைப்பது என்பதுதான் தெரியாது. அதை விவரமாக மெயிலில் எழுதுங்கள். ஆனால் வாக்குக் கொடுத்ததை அனுப்பியே ஆக வேண்டும், முன்பதிவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் அடுத்த சீசனில் உங்கள் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

சேரும் படிவத்தில் மெயில் முகவரி மட்டும் கேளுங்கள். போன் நம்பர், ஊர், பிறந்த நாள் என்று நீட்டினால் பாதியில் ஓடிவிடுவார்கள். சேர்ந்த கையோடு உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் போகும்படி வையுங்கள், 'ஜிமெயில்.கான்' என்று தப்பாக அடிக்கிறவர்கள் நிறைய, அவர்களெல்லாம் அங்கேயே வடிகட்டப்படுவார்கள். உங்கள் போனில், இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்தே அந்த லிங்கைத் திறந்து பாருங்கள். பலருக்குச் சிக்கலே அங்கேதான், பக்கம் திறக்கவே யுகமாகும்.

இன்னொன்று, நீங்கள் அனுப்பும் அட்டைப்பெட்டி. பழம் தின்று ருசி கண்டவரைவிட நல்ல வாசகர் யார்? பெட்டிக்குள் ஒரு சீட்டில் க்யூஆர் கோடு அச்சடித்துப் போடுங்கள். ஆனால் ஆர்டர் கொடுத்தபோது வாங்கிய மெயில் முகவரியை, அவர்களைக் கேட்காமல் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

அந்த 12,000 ரூபாயைச் செலவழித்தே ஆக வேண்டுமென்றால், ஏற்கனவே நன்றாக ஓடிய ஒரு ரீலை எடுத்துப் பெங்களூரில் இருக்கிற தமிழ் ஆட்களுக்கு விளம்பரமாக ஓட்டுங்கள், முதலில் 1,000 ரூபாய்க்கு மட்டும். அந்தத் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். நோக்கம் என்று கேட்கும் இடத்தில் வெப்சைட்டுக்கு ஆள் வர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி லைக்தான் கிடைக்கும். எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம். 2021-லிருந்து ஆப்பிள் போன்களில் திறக்காத மெயிலும் திறந்ததாகக் காட்ட வாய்ப்பு இருக்கிறது. பதில் எழுதியவர், லிங்கை அழுத்தியவர், பெட்டி கேட்டவர் எத்தனை பேர் என்று பாருங்கள்.

கேள்வி: பாலக்கோட்டில் வீட்டிலிருந்தே துணி வியாபாரம் செய்கிறேன். '30 நாளில் 1,000 சந்தாதாரர், கேரன்டி' என்று ஒரு ஏஜென்சியிடம் 8,000 ரூபாய் கட்டினேன். 1,000 பேர் வந்தார்கள், ஒருவர்கூட எதையும் அழுத்தவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த 1,000 பேரைப் பாருங்கள். எல்லோரும் ஒரே ராத்திரியில் சேர்ந்து, முகவரியெல்லாம் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணுமாக இருந்தால் போலி. அந்தப் பட்டியலைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். 'கேரன்டி' என்று சொன்ன விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய ரசீது எல்லாம் பத்திரம். எழுத்தில் பணத்தைக் கேளுங்கள், மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும். கட்டிய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 'இது வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, நுகர்வோர் வழக்கு ஆகாது' என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கிளப்பும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறேன் என்பதை மனுவிலேயே எழுதுங்கள், ஒரு வக்கீலிடமும் காட்டிவிடுங்கள். ஏஜென்சியே பொய், போன் அணைந்துவிட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள், அது சைபர் மோசடிக்கான எண்.

கேள்வி: பென்னாகரத்தில் ராகி, சாமை விற்கிறேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தர்மபுரி, அரூர் ஆட்கள். மெயிலா, வாட்ஸ்அப்பா?

பதில்: வாட்ஸ்அப். நம்ம ஊரில் பலருக்கு மெயில் முகவரி என்பது போன் வாங்கியபோது பிளே ஸ்டோருக்காகக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது, அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒரே சேதியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேரும், அதிலும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போகும் என்பதால், எடை போடும்போதே சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேனல் தொடங்கினால் எத்தனை ஆயிரம் பேரும் சேரலாம், ஆனால் அவர்களின் நம்பர் உங்கள் கைக்கு வராது. 2020 ஜூனில் டிக்டாக் தடையானபோது அங்கே லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தவர்களுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால், வாடிக்கையாளர் சரி என்றால் பெயரையும் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெங்களூரு, ஓசூர் கம்பெனி ஆட்கள் வாங்க ஆரம்பித்த பிறகு மெயிலைப் பற்றி யோசிக்கலாம்.