வெளிநாட்டில் வக்கீல் ஆகும் முன் இந்த டாப்-அப்பை நிறுத்துங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் பெற்றோருடன் இருக்கிறேன். வயது 28. ஐந்தாண்டு சட்டம் முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு சட்ட நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 95,000. அமெரிக்காவில் எல்எல்எம் (சட்ட முதுகலை) படித்து அங்கேயே வக்கீலாக ஆசை. அதற்கு 50 லட்சம் கல்விக் கடன், அப்பாவும் கையெழுத்துப் போடுவார். அக்கா வீட்டுக்காரரின் பிரிண்டிங் பிரஸ்ஸுக்காக என் பெயரில் 8 லட்சம் பர்சனல் லோன் இருக்கிறது. இனி டாலரில்தானே சம்பளம் என்று ஒரு ஏஜென்ட் டாலரில் பிரீமியம் கட்டும் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்கிறார். எல்லாம் சரிவருமா?

பதில்: எனக்குப் பயமாக இருப்பது அந்த 50 லட்சத்தைவிட இந்த 8 லட்சம்தான். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தேன். வட்டி 14 சதவீதம், மாதத் தவணை சுமார் 18,600. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய நாலரை லட்சம் கட்டியிருக்கிறீர்கள். அசலில் கழிந்தது இரண்டரை லட்சம்தான். அதையும் டாப்-அப்பாக, அதாவது அதே லோனின் மேல் கூடுதல் கடனாக எடுத்து அக்கா வீட்டுக்காரரிடமே கொடுத்ததால் கடன் மறுபடி 8 லட்சத்துக்கே வந்துவிட்டது. ஒரு தவணைகூட அவர் கட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கல்விக் கடன் படிப்பு முடியும்வரை காத்திருக்கும், பர்சனல் லோன் காத்திருக்காது. நீங்கள் விமானம் ஏறிய அடுத்த மாதமே அப்பாவின் பென்ஷனில் கைவைக்க வேண்டிவரும்.

எல்எல்எம் கணக்குக்கு வருவோம். 11 சதவீத வட்டியில் ஒன்றரை வருட அவகாசம் என்றால், 50 லட்சம் 58 லட்சமாகிவிடும். பத்து வருடத்துக்கு மாதம் 80,000. அமெரிக்காவில் சட்டம் படித்தவர்களுக்கு, படிப்பு முடிந்ததும் வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடி ஒரு வருடம்தான், அப்புறம் எச்1பி என்ற வேலை விசாவுக்குக் குலுக்கல். பெரிய நிறுவனங்கள் முக்கியமாக ஜேடி என்ற அந்த நாட்டு மூன்று வருடச் சட்டப் படிப்பு படித்தவர்களைத்தான் எடுக்கின்றன. வேலை அமையாமல் பழைய சம்பளத்துக்கே திரும்பினால் இரண்டு தவணையும் சேர்ந்து 98,600. உங்கள் முழுச் சம்பளமும் போதாது.

எல்எல்எம் மட்டுமே வழி என்றும் நினைக்காதீர்கள். இந்தியாவில் பதிவு பெற்ற வக்கீல் எல்எல்எம் இல்லாமலே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில பார் தேர்வு (வக்கீல் தகுதித் தேர்வு) எழுதலாம். இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வக்கீல் ஆக, 2021 முதல் எஸ்க்யூஇ என்ற தேர்வு முறை. ஏற்கெனவே தகுதி பெற்ற வெளிநாட்டு வக்கீலுக்கு அங்கே கேட்கும் இரண்டு வருடப் பயிற்சி தேவையில்லை. இரண்டு கட்டத் தேர்வுக்கும் சேர்த்துக் கட்டணம் சுமார் 5,000 பவுண்டு, அதாவது ஆறு லட்சத்தை ஒட்டி. வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். இந்தத் தேர்வுகள் விசா வாங்கித் தராது, உண்மைதான். ஆனால் வேலையை விடாமல் எழுதலாம், அப்பாவும் கடனுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

டாலர் பாலிசி வேண்டவே வேண்டாம். இல்லாத டாலர் சம்பளத்தை நம்பி வருடா வருடம் பிரீமியம் கட்டுவது என்ன நியாயம்? ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடைக்கும், அவ்வளவுதான்.

தவணையோடு மாதம் 20,000 கூடுதலாகக் கட்டினால் பர்சனல் லோன் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அதே இரண்டு வருடத்தில் மாதம் 25,000 ஒதுக்கினால் தேர்வுக் கட்டணமும் கையில் இருக்கும். பெற்றோர் வீட்டில் இருப்பதால் இது முடியும்.

அக்காவிடம் பேசத் தயங்குகிறீர்கள், புரிகிறது. அவர் கணவருக்குத் தொழிலுக்குப் பணம் வேண்டுமென்றால், அவர் பெயரிலேயே, சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் கேட்கட்டும். விண்ணப்பம் நிரப்ப நீங்கள் கூட உட்காருங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.