மனைக்கு முன்பணம் வாங்கும் முன் அந்த ஸ்கேன் தாளை இன்னொரு முறை பாருங்கள்

மகள் மேலே என்ன படிப்பது என்று கேட்கப் போன சனிக்கிழமை நீங்கள் நான்கு பேர் என்னிடம் வந்தீர்கள். நீங்கள், உங்கள் மனைவி, மகள், அப்புறம் உங்கள் அண்ணன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பேசியது அண்ணன்தான். நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் சீட் பேசிவிட்டேன், திருநின்றவூர் மனையை விற்றால் முதல் இரண்டு வருடம் ஓடிவிடும், மீதிக்கு லோன். உங்கள் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் ‘பார்க்கலாம், கவலைப்படாதீர்கள்’ என்று ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. கடன் வேண்டாம், மகள் இயற்பியல் படிக்கட்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருப்பதால், உங்கள் சம்மதத்தோடு பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் பணம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்தால் படிப்பு முடியும்போது ஒரு கோடியைத் தாண்டும். மனை 40 லட்சத்துக்குப் போகும் என்றார் அண்ணன். மிச்சம் 60 லட்சம். பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு 6 லட்சம், மாதம் 50,000. அசலில் ஒரு ரூபாய் குறையாமல் வட்டி மட்டும் இவ்வளவு. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உங்களுக்கு இன்னும் ஆறு வருட சர்வீஸ்தான் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். வெறும் எம்.பி.பி.எஸ். போதாது, மேலே படிக்க வேண்டும் என்று அப்போது இதே அண்ணன்தான் வந்து நிற்பார். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. இந்தக் கடனை வாங்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் வளைந்துகொடுக்க மாட்டேன்.

இப்போது மகள். நீங்கள் மேஜையில் வைத்த நீட் மதிப்பெண் அட்டையை நான் இரண்டு முறை பார்த்தேன். பொதுவாக நம் பிள்ளைகள் உயிரியலில் அள்ளிவிட்டு இயற்பியலில் கோட்டை விடுவார்கள். இவளுக்கு நேர் எதிர். இயற்பியலில்தான் அதிகம், உயிரியலில்தான் குறைவு. இரண்டு வருடமும் அப்படியே. “பயாலஜி மட்டும் மனசுல நிக்க மாட்டேங்குது” என்று அம்மா வருத்தப்பட்டார். நிற்காததற்குக் காரணம் மந்தம் இல்லை அம்மா, விருப்பம் இல்லை. மூன்றாவது வருடமும் கோச்சிங்கில் உட்கார வைத்தால் அதே அட்டைதான் திரும்ப வரும்.

நீங்கள் எல்லோரும் எழுந்தபோது அவள் மட்டும் பைலிலிருந்து ஒரு ஸ்கேன் தாளை உருவினாள். சித்தப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு வலிப்பு வந்தபோது எடுத்த எம்.ஆர்.ஐ. பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நடுவே அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மூளைப் படங்களுக்குக் கீழே, கடைசித் தாளில், மேடும் பள்ளமுமாக ஒரு வரைபடம். “சார், இதுல மட்டும் நம்பர் ஏன் திருப்பி ஓடுது? பூஜ்யம் வலது பக்கம், நாலு இடது பக்கம் இருக்கே?”

அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நானும் ஒரு காலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன், அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இந்த வரைபடம் எடுக்கும் பழைய கருவிகளில் ரேடியோ அலையை ஒரே அலைவரிசையில் நிறுத்திவிட்டுக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். புலம் கூடும் திசையை வலது என்று வைத்தார்கள். பெரிய எண் குறைந்த புலத்திலேயே வருவதால் அது இடது பக்கம் விழுந்தது. கருவி மாறிவிட்டது, வரையும் வழக்கம் மாறவில்லை. இதைச் சொன்னதும் அந்தப் பெண் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்க்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பொறியியல் கவுன்சலிங், பாராமெடிக்கல், நர்சிங், சி.ஏ. பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் உண்டு. நான் எழுதப்போவது அந்தக் கடைசித் தாளைப் பற்றி மட்டும்.

அதற்குக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் என்று பெயர். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ‘ஸ்பெக்ட்ரோ’ அல்லது எம்.ஆர்.எஸ். என்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் அதே இயந்திரம்தான். உடம்பில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தத்துக்குள் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அதிரும். 3 டெஸ்லா காந்தத்தில் அது ஏறக்குறைய 128 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் ரெயின்போ எஃப்.எம். 101.4 மெகாஹெர்ட்ஸ், அதிலிருந்து கொஞ்சம் மேலே போனால் அந்த இடம். ஆனால் எல்லா ஹைட்ரஜனும் ஒரே மாதிரி அதிராது. எந்த மூலக்கூறில் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துப் பத்து லட்சத்தில் சில பங்கு விலகும். அந்த விலகல்தான் அவள் பார்த்த 0, 1, 2, 3, 4.

எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் தண்ணீரைப் பார்த்து வரைவது. எம்.ஆர்.எஸ். தண்ணீரின் குரலை அமுக்கிவிட்டு மற்றவற்றைக் கேட்பது. தண்ணீரின் சமிக்ஞை மற்றவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது. கோயம்பேடு சந்தையில் விடியற்காலை லாரி இரைச்சலுக்கு நடுவே ஒரு மூலையில் ஒரு பாட்டி கீரைக்கட்டு எண்ணுவதைக் கேட்பது மாதிரி. மூளையில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இடத்தைக் குறித்துக்கொண்டு, சில நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்டுச் சேர்த்துக் கூட்டினால்தான் மேடுகள் தெளிவாக எழும். கத்தி இல்லை, ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை.

ஒவ்வொரு மேடும் ஒரு பொருள். 2.0இல் நிற்பது என்.ஏ.ஏ., நரம்பு செல்கள் நன்றாக இருக்கின்றனவா என்று காட்டுவது. நரம்பு செல் அழிந்தால் அது தாழும். 3.0இல் கிரியேட்டின், செல்லின் சக்திக் கணக்கோடு சேர்ந்தது. 3.2இல் கோலின், செல் சவ்வு வேகமாகக் கட்டப்படும்போதும் உடையும்போதும் ஏறும், அதனால் பல புற்றுக்கட்டிகளில் உயர்ந்து நிற்கும். 1.3இல் இரட்டைக் கொம்பு மாதிரி லாக்டேட் தெரிந்தால் அந்த இடத்துக்கு ஆக்சிஜன் போதவில்லை, அல்லது செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு இருக்கலாம். கல்லீரல் கெட்டு மூளை மந்தமானவர்களுக்குக் குளூட்டமின் பகுதி ஏறி, மயோ-இனாசிட்டால் என்ற சர்க்கரை மாதிரிப் பொருள் இறங்கும். அல்சைமரில் பெரும்பாலும் மயோ-இனாசிட்டால் ஏறி, என்.ஏ.ஏ. இறங்கும். என்.ஏ.ஏ. இறங்குவதே வழக்கம் என்று பழகியிருக்கும்போது, கானவன் என்ற அரிய பிறவி நோய் உள்ள குழந்தைகளுக்கு அது ஓங்கி நிற்கும். அதை உடைக்க வேண்டிய நொதி அவர்களிடம் வேலை செய்யாது.

எனக்கு மிகவும் பிடித்தது கிரியேட்டின் கதை. 1994இல் ஜெர்மனியில் வளர்ச்சி தடைப்பட்ட ஒரு குழந்தைக்கு இந்த வரைபடத்தை எடுத்தபோது 3.0இல் மேடு இல்லை. இருக்க வேண்டிய இடம் காலி. உடம்பால் கிரியேட்டின் செய்ய முடியாத பிறவிக் குறை அது. வாய்வழியாகக் கிரியேட்டின் கொடுத்தபோது மூளையில் அந்த மேடு மெல்ல எழுந்தது, குழந்தையும் தேறியது. இல்லாத ஒன்றைக் கவனித்ததால் கிடைத்த சிகிச்சை.

உங்கள் தம்பியின் தாளுக்கு வருகிறேன். மூளையில் வளையம் மாதிரி ஒரு புள்ளி. கட்டியா, டி.பி.யா, நாடாப்புழுவின் இளம்புழுக் கூடா? நம் நாட்டில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். டி.பி. கட்டியில் வழக்கமாக 1.3 பக்கம் கொழுப்பின் மேடு பெரிதாக எழும், மற்றவை தாழ்ந்து கிடக்கும். அந்த ரிப்போர்ட்டிலும் ‘லிப்பிட் பீக்’ என்றுதான் எழுதியிருந்தது. டி.பி. மருந்து சாப்பிட்டுத் தேறி, இப்போது அவர் வேலைக்குப் போகிறார். சரி, வரைபடம் மட்டும் இதைத் தீர்மானித்துவிடாது. வீரியமான புற்றுக்கட்டி நடுவில் அழுகினாலும் கொழுப்பின் மேடு வரும். மருத்துவர் மற்றப் பரிசோதனைகளோடு வைத்துத்தான் முடிவெடுப்பார். தலை அசைந்தாலும் கெடும், மண்டைத்தோல் கொழுப்பு கலந்தாலும் கெடும், காந்தப்புலம் ஒரே சீராக இல்லாவிட்டால் இரண்டு மேடு ஒன்றாகிவிடும். எம்.ஆர்.எஸ். இன்னும் எல்லா நோயாளிக்கும் எடுக்கும் சோதனையாகாததற்கு இவையும் காரணம். இவற்றைச் சரிசெய்யும் ஆட்கள் பெரும்பாலும் டாக்டர்கள் அல்ல. இயற்பியல், வேதியியல், கணினி தெரிந்தவர்கள். உங்கள் மகளுக்கான இடம் அதுதான் என்கிறேன்.

“பி.எஸ்சி. படிச்சா எவன் மதிப்பான்?” என்று அண்ணன் கேட்டார். பிளாக், பர்செல் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1946இல் தனித்தனியே இந்த அணுக்கரு ஒத்ததிர்வைக் கண்டார்கள், 1952இல் நோபல் வாங்கினார்கள். எம்.ஆர்.ஐ.க்கு 2003இல் மருத்துவ நோபல் வாங்கிய லாட்டர்பர் வேதியியலாளர், மான்ஸ்ஃபீல்ட் இயற்பியலாளர். இருவருமே டாக்டருக்குப் படிக்கவில்லை. 1951லேயே பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. சூர்யன் ஓடும் திரவத்தில் இந்தச் சமிக்ஞை எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதிவிட்டார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து நோபல் வாங்கிய சந்திரசேகரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனிடம் இந்தப் பெயர்களைச் சொன்னாலும் அவர் கல்யாணப் பேச்சுக்குத்தான் தாவுவார் என்பது வேறு விஷயம்.

வழி இதுதான். சென்னையில் ஒரு நல்ல அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். அரசுக் கல்லூரி என்றால் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். துணைப்பாடத்தில் கணிதமும் வேதியியலும் விடாமல் எடுக்க வேண்டும். முதல் வருடத்திலிருந்தே பைதான் கற்க வேண்டும். இந்த வரைபடத்தைப் பிரித்து அளப்பது முழுக்கக் கணினியில்தான். மூன்றாம் வருடம் ‘ஜாம்’ தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. அதே கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் வளர்த்த உயிர்இயற்பியல் துறை இருக்கிறது. உங்கள் பெரம்பூர் வீட்டிலிருந்து எதுவும் போய்வரும் தூரம்தான், விடுதிச் செலவு கிடையாது.

அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதியோடு தேறினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. நீங்கள் வட்டி கட்டத் திட்டமிட்டிருந்த அதே காலத்தில் அவள் கையில் பணம் வரும். டெல்லி எய்ம்ஸின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) துறை, பெங்களூரு நிம்ஹான்ஸ், லக்னோவின் உயிர்மருத்துவ ஆராய்ச்சி மையம், மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா போன்ற இடங்களை அவள் இப்போதே பார்த்து வைக்கலாம்.

இனிப்பு மட்டும் காட்டி ஏமாற்ற மாட்டேன். பிஎச்.டி. ஐந்து வருடம் இழுக்கும். இது சின்னத் துறை. பேப்பரில் விளம்பரம் வந்து ஆயிரம் பேரை எடுக்கும் வேலை இல்லை. அதனால்தான் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி.யைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆராய்ச்சி பிடிக்காமல் போனால், ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சி முடித்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சு சிகிச்சை இயற்பியலாளராகச் சேரலாம். ஸ்கேன் இயந்திரம் செய்யும் பெரிய நிறுவனங்களின் பெங்களூரு மையங்களிலும் இடமுண்டு. அவளுக்குக் கணக்கு கசந்தால் இதில் எதையும் தொட வேண்டாம். அதை அவளிடமே நேராகக் கேட்டேன். “கணக்குப் போட்டாத்தான் சார் தூக்கம் வரும்” என்றாள். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் கேட்டது இரண்டு. பிசிக்ஸா, கெமிஸ்ட்ரியா? இரண்டு புத்தகத்தையும் மேஜையில் வைத்துவிட்டு நீங்கள் ஐ.சி.எஃப்.புக்குக் கிளம்புங்கள். சாயங்காலம் திரும்பும்போது எது திறந்து கிடக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, அண்ணனுக்கு என்ன சொல்வது? அவரை அடுத்த சனிக்கிழமை தனியாக அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அதற்குள் மனைக்கு ஆள் வந்து முன்பணம் நீட்டினால், வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.