தோல் வண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தோல் வண்டு என்று தேடினால் ஓரிடத்தில் ட்ராக்ஸ் வருகிறது, இன்னோரிடத்தில் டெர்மெஸ்டஸ் வருகிறது. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, நெருங்கிய உறவுகூடக் கிடையாது. ட்ராக்ஸ், ஓமார்கஸ் எல்லாம் ட்ரோஜிடே குடும்பம். சாண வண்டும் காண்டாமிருக வண்டும் இருக்கிற ஸ்கேரபாய்டியா பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. டெர்மெஸ்டஸ் மாகுலாட்டஸ் டெர்மெஸ்டிடே குடும்பம், மரம் துளைக்கும் வண்டுகளுக்குப் பங்காளி. காய்ந்த தோல், மயிர், இறகு என்று சாப்பாடு ஒன்றாக இருப்பதால் பெயரும் ஒன்றாகிவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தால் குழப்பமே வராது. ட்ரோஜிடே வண்டின் முதுகு முண்டும் முடிச்சுமாக, மண் அப்பிக் கிடக்கும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் அசையாது. காதருகே வைத்தால் கிறீச்சிடுவது கேட்கும், வயிற்றை மேலிறகின் (முதுகை மூடும் கெட்டி இறகு) உட்பக்கத்தில் உரசி எழுப்பும் ஒலி அது. டெர்மெஸ்டஸ் மாகுலாட்டஸ் நீள்வட்டமாக, 5.5 முதல் 10 மி.மீ. வரை இருக்கும். மேலே கருப்பு, அடிவயிறு முழுக்க வெள்ளை மயிர். மேலிறகின் நுனியில் சின்ன முள் உண்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த முள் இல்லாமல் மற்றதெல்லாம் ஒத்திருந்தால் டெர்மெஸ்டஸ் ஃப்ரிஷியாக இருக்கலாம்.

புழுவில் இன்னும் எளிது. ட்ரோஜிடே புழு வெள்ளையாக, வளைந்து கிடக்கும். டெர்மெஸ்டஸ் புழு கருத்து, உடம்பெல்லாம் மயிரோடு வேகமாக ஓடும். வால்பக்கம் இரண்டு சிறு கொம்புகள் இருக்கும்.

கேள்வி: சார், ட்ரோஜிடே குடும்பத்துக்குள் பேரினம் (ட்ராக்ஸ், ஓமார்கஸ் போன்ற பிரிவு) வரை போக எதைப் பார்க்க வேண்டும்? என் மாதிரிகளில் ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: முதலில் கழுவுங்கள். மண் பூச்சு மூடியிருக்கும்வரை முதுகின் புடைப்புகளும் மயிர்க்கற்றைகளும் தெரியாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேயுங்கள். உலோக ஊசியால் சுரண்டினால் மயிர்க்கற்றை உதிர்ந்துவிடும், அடையாளமும் அதோடு போய்விடும்.

உலகில் ஏறத்தாழ 300 இனங்கள், இரண்டு துணைக்குடும்பங்கள். ட்ரோஜினேயில் ட்ராக்ஸ் முக்கியம். ஓமார்ஜினேயில் ஓமார்கஸும், தென்னமெரிக்காவின் போலினோன்கஸும். மேலிறகுகள் சேரும் இடத்தில் உள்ள சின்ன முக்கோணத் தகட்டைப் பாருங்கள். ஓமார்கஸில் அது அடியில் இடுங்கி ஈட்டிமுனைபோல் இருக்கும், ட்ராக்ஸில் இடுங்காமல் முட்டை வடிவில் இருக்கும். பழைய நூல்களில் ஓமார்கஸ் இனங்கள் பலவும் ட்ராக்ஸ் என்ற பெயரிலேயே இருக்கும், அதனால் பெயரை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: இவை செத்த விலங்கை மட்டும்தான் தின்னுமா?

பதில்: ட்ரோஜிடே பெரும்பாலும் கடைசிப் பந்திக்கு வருகிறவை. ஈப்புழுக்கள் சதையைத் தின்று முடித்து, தோலும் மயிரும் எலும்புமாகக் காய்ந்த பிறகுதான் கூட்டமாக வரும். சடலத்துக்கு நேர் கீழே மண்ணில் செங்குத்தாக வளை தோண்டி, மயிரை உள்ளே இழுத்துச் செல்லும். ஆகவே ஆய்வுக்குப் போகிறவர்கள் சடலத்தைப் புரட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, அடிமண்ணையும் தோண்டிச் சலிக்க வேண்டும். ஆந்தை கக்கிய உருண்டைகள், பறவைக்கூடுகள், விலங்கு வளைகள் எல்லாமும் நல்ல இடங்கள். ட்ராக்ஸ் ஸ்கேபர் கூடுகளில் அடிக்கடி கிடைக்கும். இரவில் விளக்குக்கும் வரும்.

விதிவிலக்குகளும் உண்டு. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் லா எஸ்கோபியா கடற்கரையில் பங்குனி ஆமைகள் பெருந்திரளாக முட்டையிடும். அங்கே ஓமார்கஸ் சுபரோசஸ் வண்டும் புழுவும் மணலுக்குள் இறங்கி அந்த முட்டைகளைத் தின்கின்றன. வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்னும் ஓமார்கஸ் இனங்களும் உண்டு. வெறும் துப்புரவாளர்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடுவது சரியல்ல.

கேள்வி: அண்ணா, கருவாட்டில் மயிர்ப்புழு விழுகிறது. மருந்து அடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது, அது வாயில் போகிற பொருள். உங்கள் கருவாட்டில் இருப்பது டெர்மெஸ்டஸ் புழு. மீன் ஈரமாக இருக்கும்போது ஈ வரும், ஓரளவு காய்ந்ததும் இந்த வண்டு வரும். உப்புப் போடாமல் மணலில் காயவைக்கும் கருவாட்டில்தான் சேதம் அதிகம். மூன்று அல்லது நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புச் சேர்த்து ஊறவைத்து, தரையிலிருந்து உயர்த்திய வலைப்பரணில் நன்றாகக் காயவையுங்கள். பழைய சாக்கை மறுபடி பயன்படுத்தாதீர்கள், தையலில் முட்டையும் புழுவும் ஒளிந்திருக்கும். கட்டிவைக்கும் பலகையையும் பாருங்கள்: கூட்டுப்புழுவாக மாறும் முன் புழு மரத்தைக்கூடத் துளைத்து உள்ளே போகும்.

கேள்வி: கல்லூரி அருங்காட்சியகத்துக்கு மண்டையோடு சுத்தம் செய்ய இந்த டெர்மெஸ்டஸ் வண்டை வளர்க்க நினைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இடம் முக்கியம். பாடம் செய்த பறவைகளும் பூச்சிப் பெட்டிகளும் இருக்கும் கட்டடத்தில் வளர்க்கவே வேண்டாம், ஒரு பெண் வண்டு தப்பினாலும் சேகரிப்பு நாசம். கண்ணாடித் தொட்டி, மேலே நெருக்கமான உலோக வலை, 25 முதல் 30 டிகிரி வெப்பம். இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து வண்டாக ஐந்து முதல் ஏழு வாரம் ஆகும். உள்ளே பஞ்சும், கூட்டுப்புழுவுக்குத் தெர்மாகோல் துண்டும் வையுங்கள். ஒதுங்க இடமில்லாவிட்டால் கூட்டுப்புழுக்களை மற்றப் புழுக்கள் தின்றுவிடும்.

தோல், கண், மூளை, பெருஞ்சதை நீக்கி, தோல்போல் விறைக்கும்வரை உலர்த்திய பிறகே உள்ளே வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சையும் சிற்றுண்ணியும் பெருகி வளர்ப்பே அழியும். ஃபார்மலினில் கிடந்ததைத் தொடாது. சின்ன மண்டையோட்டைத் தினமும் பாருங்கள், தாமதித்தால் குருத்தெலும்பும் போய்த் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். எடுத்ததும் பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ப்ளீச்சிங் பவுடர் எலும்பை அரிக்கும். முகக்கவசம் கட்டாயம், உதிர்ந்த புழுமயிர் ஒவ்வாமை தரும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் விலங்கு என்றால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: தடயவியல் மாணவி நான். டெர்மெஸ்டஸ் புழுவின் பருவத்தை வைத்து இறந்த நாளைக் கணக்கிடலாமா மேடம்?

பதில்: பருவ எண்ணை, அதாவது தோலுரிப்புகளுக்கு இடையிலான எத்தனையாவது கட்டம் என்பதை, மட்டும் வைத்துச் செய்யாதீர்கள்மா. இப்புழு தோலுரிப்பது நிலையான எண்ணிக்கையில் அல்ல. வெப்பம், உணவு, ஈரப்பதம் பொறுத்து 5 முதல் 11 பருவங்கள் வரை மாறும். அத்துடன் இது காய்ந்த பிறகு வருகிற வண்டு, புழுவின் வயது இறப்புக்குப் பிந்தைய காலத்தின் கடைசிப் பகுதியை மட்டுமே சொல்லும். உரிந்த தோல்களையும் நூல்போன்ற எச்சத்தையும் விடாமல் சேகரியுங்கள்; முந்தைய தலைமுறை இருந்ததற்கு அவைதான் சாட்சி. புழுக்களில் பாதியைக் கொதிநீரில் கொன்று 80 சதவீத எத்தனாலில் போடுங்கள், மீதியை உயிரோடு வளர்த்து இனத்தை உறுதிசெய்யுங்கள். சடலத்தின் அடியில் உள்ள வெப்பநிலையையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.